நோயாளி நம்மிடம் ஏன் மறைக்கிறார்? நாட்டு மருந்தும் நாம் படிக்கும் படிப்பும்

#1 வைகைக்கரை (சி.ஆர்.ஆர்.ஐ. எனும் பயிற்சி மருத்துவர், மெடிசின் போஸ்டிங்)

மூன்று நாளாக மனதை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது. எம்.பி.பி.எஸ்., நர்சிங், பார்மசி, சித்தா என்று எல்லாரும் வந்து போகும் இடம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் 52 வயது அம்மா ஒருவர். பத்து வருடமாகச் சர்க்கரை. கண்ணெல்லாம் மஞ்சள், காமாலையைக் காட்டும் பிலிருபின் 9, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 800-க்கு மேல், இரண்டும் மிக அதிகம். ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ எதுவும் இல்லை. ஸ்கேனில் கல்லும் இல்லை, அடைப்பும் இல்லை. அட்மிஷன் அன்று ஹிஸ்டரி எடுத்தவன் நான்தான். "வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்லைங்க சார்" என்றார். கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் இரவு, டியூட்டியில் இருந்த நர்சிங் மாணவிதான் கண்டுபிடித்தார். தலைமாட்டுப் பையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், அதில் பச்சைப் பொடி. சீந்தில். சர்க்கரைக்கு நல்லது என்று பக்கத்து வீட்டில் சொல்லி, இரண்டு மாதமாகத் தினமும் வெறும் வயிற்றில் குடித்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகும் நிறுத்தவில்லை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "நீங்க மருந்தான்னு கேட்டீங்க. இது கொடி தானே சார். அதுவுமில்லாம, சொன்னா திட்டுவீங்க."

முதல் பாதி புரிகிறது. இரண்டாவது பாதிதான் தூங்க விடவில்லை. முந்தின நாள் ரவுண்ட்ஸில், அடுத்த படுக்கைப் பாட்டியை, கஷாயம் குடித்ததற்காக எல்லாருமாகச் சத்தம் போட்டோம். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். இந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

நாட்டு மருந்து, சித்தா, ஹோமியோ பற்றி உங்கள் மனதில் உண்மையில் என்ன இருக்கிறது? அது எங்கிருந்து வந்தது, வீட்டிலிருந்தா, வகுப்பிலிருந்தா? நோயாளியிடம் எப்படிக் கேட்கிறீர்கள்?


#2 கனகாம்பரம் (பி.எஸ்சி. நர்சிங், 3-ஆம் ஆண்டு)

அண்ணா, நான் வேற காலேஜ், ஆனா இதே மாதிரி எனக்கும் நடந்திருக்கு. நாங்க "மருந்து"ன்னு கேக்கவே மாட்டோம். "இங்க வர்றதுக்கு முன்னாடி வீட்ல என்ன கைவைத்தியம் பாத்தீங்க பாட்டி?"ன்னு கேப்போம். பாத்திருப்பாங்கன்னு நாமளே வச்சுக்கிட்டுக் கேட்டா, மறைக்கத் தோணாது. பொடி, சூரணம், லேகியம், கஞ்சி, எண்ணெய்னு ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் கேக்கணும். அவங்களுக்கு மருந்துன்னா மாத்திரை, ஊசி, டானிக். மத்ததெல்லாம் சாப்பாட்டுக் கணக்கு.

கம்யூனிட்டி போஸ்டிங்ல பிரசவமான வீடுகளுக்குப் போவோம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லணும். அங்க பாட்டி வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் எல்லாம் உரசி உரைமருந்து குடுத்துக்கிட்டு இருப்பாங்க. அதே உரைமருந்தைக் குடிச்சு வளந்தவதான் நான். எங்க அம்மாச்சி உரசுற கல்லு இன்னும் வீட்ல இருக்கு. அந்தப் பாட்டியப் பாத்து "இது தப்பு"ன்னு எப்படிச் சொல்றது? முதல் தடவை எதுவும் சொல்லாம வந்துட்டேன். அடுத்த வாரம், "கல்லைக் கழுவுற தண்ணி கொதிக்க வச்சதா பாட்டி? பச்சப்புள்ளைக்கு அதுல இருந்து வயித்துப்போக்கு வந்துரும்"னு ஆரம்பிச்சேன். அதுக்கப்புறம்தான் அவங்க நான் சொல்றதக் காது குடுத்துக் கேட்டாங்க. ரெண்டாவது மாசம் நிறுத்திட்டாங்க.


#3 நேர்கோடு (எம்.பி.பி.எஸ்., 2-ஆம் ஆண்டு)

எனக்கு இதில் குழப்பமே இல்லை. "மாற்று மருத்துவம்" என்று ஒன்று கிடையாது. சோதித்துப் பார்த்து வேலை செய்தால் அது மருந்து, இல்லாவிட்டால் இல்லை. ஹோமியோபதியில் 30சி என்றால் பத்தின் 60-ஆம் அடுக்கு நீர்ப்பு. அந்தக் குப்பியில் மூல மருந்தின் ஒரு மூலக்கூறு இருப்பதற்குக்கூட வாய்ப்பு இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2015-ல் எல்லா ஆய்வுகளையும் பார்த்துவிட்டு, எந்த நோய்க்கும் அது பலனளிப்பதாக நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

நாட்டு மருந்து இயற்கை, பக்கவிளைவு இல்லை என்பது இன்னும் ஆபத்தான நம்பிக்கை. பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. 2004-ல் 'ஜாமா' இதழில் வந்தது. ஐந்தில் ஒன்று. ரவுண்ட்ஸில் சத்தம் போட்டது முறையில்லைதான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் இருக்க முடியாது.


#4 பொருநை (பி.எஸ்.எம்.எஸ்., இறுதியாண்டு, பாளையங்கோட்டை)

சித்த மருத்துவ மாணவியாக இந்த இழையைப் படிக்கக் கொஞ்சம் கனமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில், அந்த அம்மா சாப்பிட்டது சித்த மருத்துவர் கொடுத்த மருந்து அல்ல. பக்கத்து வீட்டார் சொன்னது. எங்கள் கல்லூரி 1964-லிருந்து நடக்கிறது. நாங்களும் நீட் எழுதித்தான் வருகிறோம். உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல் எல்லாம் படிக்கிறோம், பிரேதத்தை அறுத்தும் பார்க்கிறோம். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டும் பார்த்த பிறகுதான் நோய் இன்னதென்று கணிக்க வேண்டும் என்பது எங்கள் பாடம். சீந்தில் கொடியை அப்படியே இடித்துப் பொடியாக்குவது ஒன்று, அதிலிருந்து மாவு எடுத்து சீந்தில் சர்க்கரை செய்வது வேறு. சேங்கொட்டை, நேர்வாளம் போன்றவை சுத்தி (நச்சு நீக்கும் முறை) செய்யாமல் உள்ளே போனால் நஞ்சு என்று முதல் ஆண்டிலிருந்தே மனப்பாடம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதெல்லாம் தெரியாது.

ஆனால் ஊரில் யார் எதை அரைத்துக் கொடுத்தாலும் பழி வந்து சேருவது எங்கள் தலையில். கல்யாண வீட்டில் "என்ன படிக்கிற?" என்று கேட்டு, பதில் சொன்னதும், "ஓ, எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?" என்பார்கள். ஐந்தரை வருடம் அதைக் கேட்டுக்கொண்டே படிக்கிறோம்.

நேர்கோடு தம்பி சொன்ன உலோகக் கணக்கை மறுக்க மாட்டேன். எங்கள் செந்தூர மருந்துகளில் இரசமும் (பாதரசம்) இலிங்கமும் (பாதரசம் உள்ள தாது) உண்டு. முறைப்படி முடித்த மருந்து பாதுகாப்பானது என்று வகுப்பில் சொல்கிறார்கள். ஒவ்வொரு பேட்ச்சையும் பரிசோதனைக் கூடத்தில் அளந்து காட்டுங்கள் என்று கேட்க வேண்டியவர்களே நாங்கள்தான். கேட்டால் சில ஆசிரியர்கள் நூல்மேல் நம்பிக்கை இல்லையா என்கிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம்.


#5 கலுவம் (எம்.டி. பார்மகாலஜி, 2-ஆம் ஆண்டு)

சீந்திலைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். கோவிட் சமயத்தில் நோய் எதிர்ப்புச் சக்திக்கென்று வீட்டுக்கு வீடு இதைக் குடித்தார்கள். 2020 அக்டோபரில் ஆயுஷ் (இந்திய மருத்துவ முறைகளுக்கான) அமைச்சகம் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறையிலேயே இது இருந்தது. 2021-ல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை வெளியிட்டார்கள். அமைச்சகம் மறுத்தது, வேறு சீந்தில் இனத்தைக் குழப்பிக்கொண்டிருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு நாட்டின் பல மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வந்தது. பலருக்கு ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய்) போன்ற தோற்றம். உள்ளே உறங்கிக்கொண்டிருந்த நோயை இது தட்டி எழுப்புகிறதோ என்று சந்தேகிக்கிறார்கள். வைகைக்கரை, அந்த அம்மாவுக்கு அதற்கான ரத்தப் பரிசோதனை ஏ.என்.ஏ. பார்த்துவிடுங்கள்.

மாணவர்களின் மனப்பான்மை பற்றிக் கேட்டீர்கள். நான் யு.ஜி. வகுப்பு எடுக்கும்போது ஒரு கதையை மட்டும் முழுதாகச் சொல்வேன். கீழாநெல்லி.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் அதைச் சோதனைக்கு எடுத்தார்கள். கூட்டாளிகளில் ஒருவர் பரூக் பிளம்பெர்க், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கியவர். வைரஸை உடலில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி. 1988-ல் 'லான்செட்'டில் முடிவு வந்தது: மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேற்புற ஆன்டிஜென் (வைரஸ் இருப்பதைக் காட்டும் புரதம்) மறைந்திருந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான். 59 சதவீதத்துக்கு எதிராக 4. உலகமே திரும்பிப் பார்த்தது.

வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "யாருக்கெல்லாம் நம்பிக்கை வருகிறது?" என்று கேட்பேன். பாதிக்கு மேல் கை தூக்குவார்கள். பிறகு மீதியைச் சொல்வேன். 1990-ல் தாய்லாந்தில் அதே போலச் செய்து பார்த்தார்கள், பலன் இல்லை. வேறு இடங்களிலும் அந்த முதல் முடிவு திரும்பவில்லை. 2011-ல் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. செடி வளர்ந்த மண்ணா, பறித்த பருவமா, இனம் மாறியதா, சிறிய ஆய்வின் தற்செயலா என்று இன்றுவரை பேசுகிறார்கள்.

அப்படியானால் ஊரில் கீழாநெல்லியால் குணமானவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை. நம் ஊரில் பெரும்பாலும் வருவது ஹெபடைடிஸ் ஏ-யும் இ-யும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். பச்சிலையை அரைத்து மோரில் குடித்தவருக்கும் சரியாகும், குடிக்காதவருக்கும் சரியாகும். குடித்தவர் செடிக்கு நன்றி சொல்வார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து கொடுக்காத கட்டுப்பாட்டுக் குழு எதற்கு என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. சர்ப்பகந்தி வேரை வைத்து 50 ரத்த அழுத்த நோயாளிகளிடம் பம்பாயில் ருஸ்தம் வக்கீல் செய்த வேலை 1949-ல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்'-ல் வந்தது. அதிலிருந்து வந்ததுதான் ரெசர்பின் என்ற ரத்த அழுத்த மருந்து. சீன விஞ்ஞானி து யூயூ பழைய சீன நூல் ஒன்றில் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன குறிப்பைப் பிடித்துக்கொண்டு மலேரியா மருந்தான ஆர்டிமிசினின் வரை போனார், 2015-ல் நோபல். ஒரு செடியைப் பற்றி, சோதிப்பதற்கு முன் "மூடநம்பிக்கை" என்று சொல்லவும் நமக்கு உரிமை இல்லை, "முன்னோர் சொன்னது" என்று நிறுத்தவும் உரிமை இல்லை.


#6 நேர்கோடு

கலுவம் அண்ணா, கீழாநெல்லியில் நானும் கை தூக்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். அந்தக் கதை எனக்குத் தெரியாது.


#7 எலும்புமுறிவு (ஆர்த்தோ பி.ஜி.)

நான் பார்ப்பது வேறு உலகம். மரத்திலிருந்து விழுந்த ஒன்பது வயதுப் பையன், முழங்கைக்கு மேலே முறிவு. நேராகக் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி, வலிக்கிறது என்று அழுத பிள்ளையை, "கட்டு பிடிக்கிறதுன்னா அப்படித்தான் வலிக்கும்" என்று நான்கு நாள் வைத்திருந்தார்கள். எங்களிடம் வந்தபோது விரல்கள் கறுத்து மடங்கிவிட்டன. அந்தக் கை இனி எழுதாது. இந்த மாதத்தில் மட்டும் இது இரண்டாவது.

இதைப் பார்த்த பிறகு "இரு பக்கமும் நியாயம்" என்று எனக்குப் பேச வரவில்லை. மன்னிக்கவும்.


#8 பொருநை

மன்னிப்பு எதற்கு அண்ணா. அந்தப் பையனின் கையைப் படிக்கும்போது எனக்கும் அழுகைதான் வந்தது. இதில் இரு பக்கம் கிடையாது. கட்டுக்குக் கீழே விரல் மரத்தால், நிறம் மாறினால், உடனே அவிழ்க்க வேண்டும் என்பது எங்களுக்கும்தான் பாடம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் குடும்பம் முதலில் ஏன் அங்கே போனது? ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆபரேஷன், தகடு, காசு, காத்திருப்பு என்ற பயம்தானே. கட்டுப் போடுகிறவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், கையைப் பிடித்துப் பேசுகிறார்.


#9 தாமரைக்குளம் (பொது மருத்துவர்)

நான் மாணவன் இல்லை. 31 வருடம் பிராக்டிஸ். மகள் மருத்துவம் படிப்பதால் இங்கே வந்து படிப்பேன்.

என் பெரியப்பா படித்த கல்லூரியைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 1925-ல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி முதல்வர். அவர் மேற்கத்திய மருத்துவம் படித்தவர். சித்தா, ஆயுர்வேதா, யுனானி மூன்றையும் நவீன மருத்துவத்தோடு சேர்த்துச் சொல்லித் தர வேண்டும் என்பது திட்டம். பிறகு அது ஒருங்கிணைந்த மருத்துவக் கல்லூரி ஆனது. 1960-ல் அதே வளாகத்தில் பிறந்ததுதான் இன்றைய கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி. பெரியப்பா பெயருக்குப் பின்னால் ஜி.சி.ஐ.எம். என்று போட்டுக்கொள்வார். அது என்ன பட்டம் என்று ஊரில் யாருக்கும் புரியாது.

அவர் சொல்வது இதுதான்: "காலையில் நாடி, மத்தியானம் ஸ்டெதாஸ்கோப். ரெண்டு வாத்தியார்களும் ஒருத்தர் வகுப்புக்கு ஒருத்தர் வந்து உட்கார்ந்ததே இல்லை. சேர்க்கிற வேலையை இருபது வயசுப் பசங்க தலையில போட்டாங்க." அவர் கடைசி வரை எழுதியது மாத்திரையும் ஊசியும்தான். கஷாயம் வீட்டுக்குள் மட்டும்.

இப்போது அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு ஒரே வளாகத்தில் இருக்கிறது. 2021 விதிமுறையில் சி.ஆர்.ஆர்.ஐ.-க்கு ஒரு வாரம் ஆயுஷ் எலெக்டிவ் வந்திருக்கிறது. என் மகளிடம் கேட்டேன், அந்த ஒரு வாரத்தை பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கத்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்களாம். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அந்த வாரத்தில் யார் என்ன சொல்லித் தர வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை.


#10 கனகாம்பரம்

ஐயா சொன்னது எங்க வார்டுலயும் அப்படியே இருக்கு. சித்தா ஓ.பி. எதிர் பில்டிங்தான். மூணு வருஷத்துல ஒரு நாள்கூட எங்களை அங்க கூட்டிட்டுப் போனதில்ல.

எங்க ரிசர்ச் மேடம் ஒரு ஆய்வு சொன்னாங்க. 2002-ல மினசோட்டா பல்கலைக்கழகத்துல மருத்துவம், நர்சிங், பார்மசி மூணு பிரிவு மாணவர்கள்கிட்டயும் ஆசிரியர்கள்கிட்டயும் கேட்டிருக்காங்க. 90 சதவீதத்துக்கு மேல, ரெண்டு பக்கமும் உள்ள நல்லதச் சேத்துக் குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. அதுலயும் நர்சிங் பக்கம்தான் ஆதரவு ஜாஸ்தி. எனக்கு அது ஆச்சரியமா இல்ல. நோயாளிகூட எட்டு மணி நேரம் இருக்கிறது நாங்க. ராத்திரி வலி வந்து அழும்போது, காலைப் பிடிச்சு விட்டா வலி கொறையிறதக் கண்ணால பாக்குறோம். ஆனா மேடம் இன்னொண்ணும் கேட்டாங்க: ஆதரவா இருக்கிற உங்கள்ல எத்தனை பேருக்கு எந்த மூலிகை எந்த மாத்திரையோட சேரக் கூடாதுன்னு தெரியும்? வகுப்புல ஒருத்தரும் வாய் திறக்கல. அதுல இருந்து நோட்டுல ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிக்கிட்டு வர்றேன். சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு சாப்பிடுறவங்க கூடவே சிறுகுறிஞ்சான், பாகற்காய்ச் சாறு குடிச்சா சர்க்கரை ரொம்ப இறங்கிரும்ங்கிறதுதான் முதல் வரி.


#11 கலுவம்

அந்தப் பக்கத்தில் ஆடுதீண்டாப்பாளையையும் ஈஸ்வரமூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் மெலிய மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா கலந்துவிட்டது. நம்முடைய இந்த இரண்டும் அதே பேரினம். அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு, புற்றுநோயும் உண்டாக்கும் என்பது உறுதியாகிவிட்டது. காரணம் தெரியாமல் கிரியேட்டினின் (சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் ரத்த அளவு) ஏறியிருந்தால் இதைக் கேளுங்கள்.

மூட்டுவலிக்கு, ஆஸ்துமாவுக்கு "ஒரே வாரத்தில் குணம்" என்று பெயரில்லாத பொடி சாப்பிட்டு, முகம் உப்பி, சர்க்கரை ஏறி வருகிறவர்களிடமும் கேளுங்கள். பொடியில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அதைத் திடீரென நிறுத்தச் சொன்னாலும் ஆபத்து.


#12 பொருநை

மூலிகையால் பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் எழுதி அனுப்பவும் வழி உண்டு. பல எம்.பி.பி.எஸ். நண்பர்களுக்கு இது தெரியவில்லை. ஆயுஷ் மருந்துகளுக்கென்று தனிக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. சித்தாவுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஒரு மையம். உங்கள் பார்மகாலஜி துறையில் இருக்கும் ஏ.டி.ஆர். (மருந்தின் பாதிப்பைத் தெரிவிக்கும்) படிவத்திலும் மூலிகையை எழுதலாம். 1800-180-3024 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

தயவுசெய்து "நாட்டு மருந்து" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என்ன செடி, எந்தப் பாகம், யார் கொடுத்தது, எவ்வளவு, எத்தனை நாள். அந்தக் குப்பியைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். எங்கள் மருந்து தவறு செய்திருந்தால் அது எங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் எழுதி அனுப்பாவிட்டால் எங்கள் வகுப்பில் அது எப்போதும் பக்கவிளைவு இல்லாத மருந்தாகவே இருக்கும்.


#13 நேர்கோடு

பொருநை அக்கா, கல்யாண வீட்டில் உங்களிடம் கேட்கும் அதே கேள்வியை, உங்கள் படிப்பைப் பற்றி ஹாஸ்டலில் நானும் சொல்லியிருக்கிறேன். தவறு. மன்னித்துவிடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். 2020-ல் எங்கள் வீட்டில் அப்பாவுக்குக் கோவிட். அம்மா தினமும் கபசுரக் குடிநீர் காய்ச்சினார், எல்லாரும் குடித்தோம். அப்பா பிழைத்தது ஆக்சிஜனாலும் டெக்சாமெத்தசோனாலும் என்று இன்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மா அந்த அடுப்பு முன்னால் நின்றதை நினைத்தால், அதை வீண் வேலை என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. என் கருத்து மாறவில்லை. சொல்லும் விதத்தைத்தான் யோசிக்கிறேன்.


#14 வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன்.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ். எதிர்ப்புப் புரதமான ஐ.ஜி.ஜி. கூடுதல். பயாப்சி பார்த்து ஸ்டீராய்டு தொடங்கினார்கள். இன்சுலின் கூட்ட வேண்டியிருந்தது. பிலிருபின் 9-லிருந்து 3-க்கு இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பினோம். ஹார்லிக்ஸ் பாட்டிலை பார்மகாலஜியில் கொடுத்து ஏ.டி.ஆர். படிவம் நிரப்பினேன். என்ன செடி, எந்தப் பாகம் என்ற வரிகளைப் பொருநை சொன்னபடியே அந்த அம்மாவிடம் கேட்டு எழுதினேன். கொடியை எந்த வேலியில் அறுத்தது என்பது வரை சொன்னார்.

கனகாம்பரம் சொன்ன கேள்வியை இப்போது அட்மிஷனில் கேட்கிறேன். நேற்று ஒரே நாளில் ஆறு பேரில் நான்கு பேர் "ஆமா" என்றார்கள். இதுவரை நான் எழுதிய கேஸ் ஷீட்டுகளை நினைத்தால் பயமாக இருக்கிறது.

இன்று அந்த அம்மா ரிவ்யூவுக்கு வந்தார். உட்கார்ந்ததும் நான் கேட்பதற்கு முன்பே ஒரு மஞ்சப்பையை மேஜைமேல் வைத்து, "இதையும் பாத்துச் சொல்லுங்க சார், மருமக வாங்கிட்டு வந்தா" என்றார்.


#15 கனகாம்பரம்

உள்ள என்ன இருந்துச்சு அண்ணா?


#16 வைகைக்கரை

திரிபலா சூரணம், சீல் உடைக்காத பாக்கெட். கூடவே பேர் எழுதாத ஒரு கறுப்பு உருண்டை, எட்டு எண்ணம். திரிபலாவை இப்போதைக்கு வேண்டாம், கல்லீரல் தேறட்டும் என்றேன், சரி என்றார். உருண்டை என்னவென்று எனக்குத் தெரியவில்லை. படம் எடுத்துப் பொருநைக்கு அனுப்பியிருக்கிறேன்.


#17 பொருநை

வந்தது. பார்த்து மட்டும் சொல்ல முடியாது, உலோகம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒன்றைக்கூடச் சாப்பிட விடாதீர்கள். மருமகளிடம் கடை எது என்று கேட்டு வையுங்கள். திங்கட்கிழமை எங்கள் குணபாடம் (சித்த மருந்தியல்) மேடத்திடம் காட்டுகிறேன்.